அழுகிற குழந்தையைத் தூக்குங்கள்

நண்பர்களே, வணக்கம்.

குழந்தை அழுதவுடன் தூக்காதே, கைச்சூடு பழகிவிட்டால் பிறகு கீழே இறங்காது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அக்கறையோடு சொல்லும் அறிவுரைதான். ஆனாலும் அது தவறு என்று இந்த மேடையில் அழுத்திச் சொல்கிறேன்.

பால் கொடுப்பவரிடம்தான் குழந்தை ஒட்டிக்கொள்ளும் என்று உளவியலாளர்களும் நெடுங்காலம் நம்பினார்கள். 1958-இல் அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ வெளியிட்ட குரங்குக்குட்டி ஆய்வு அந்த நம்பிக்கையை உலுக்கியது. கம்பியால் செய்த பொம்மைத் தாயிடம் பால்புட்டி இருந்தது. மெத்தென்ற துணி சுற்றிய தாயிடம் பால் இல்லை. குட்டிகள் பசிக்குக் கம்பித்தாயிடம் போயின. மற்ற நேரமெல்லாம் துணித்தாயைக் கட்டிக்கொண்டு கிடந்தன. பெற்ற தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட அந்தக் குட்டிகள் பட்ட பாட்டை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

மனிதக் குழந்தைகளிடமும் இதையே காண்கிறோம். ருடால்ஃப் ஷாஃபர், பெக்கி எமர்சன் என்ற ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1964-இல் எழுதினார்கள். ஊட்டி, குளிப்பாட்டியவரை விட்டுவிட்டு, தன் அழுகைக்கும் சிரிப்புக்கும் உடனே முகம் கொடுத்தவரிடம் போய் ஒட்டிக்கொண்ட குழந்தைகள் பலர். அப்பா, பாட்டி, தாத்தா என்று ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் பற்று வைத்த குழந்தைகளும் ஏராளம்.

ஏழு, எட்டு மாதத்தில் புதுமுகம் கண்டால் குழந்தை வீறிடும். அதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். தன் ஆள் யார் என்று அது தெரிந்துகொண்டுவிட்டது.

உளவியலாளர் மேரி அயின்ஸ்வொர்த் ஒரு வயதுக் குழந்தைகளைத் தாயோடு ஓர் அறையில் விளையாட விட்டார். சிறிது நேரத்தில் தாய் வெளியே போவார். சில நிமிடங்களில் திரும்புவார். தாய் போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைவிட, திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதையே அவர் உற்றுக் கவனித்தார். நம்பிக்கையோடு வளர்ந்த குழந்தை நேரே தாயிடம் போகிறது, கழுத்தைக் கட்டிக்கொள்கிறது, விம்மல் அடங்கியதும் இறங்கிப் பொம்மையைத் தேடுகிறது. இறங்கவே இறங்காது என்றார்களே, இது இறங்கிவிட்டது! தன் அழுகைக்கு ஆள் வருவார் என்று அறிந்த குழந்தைக்குத்தான் அந்தத் துணிவு வரும். சில்வியா பெல்லும் அயின்ஸ்வொர்த்தும் 1972-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மாதங்களில் அழுகைக்கு உடனே பதில் கிடைத்த குழந்தைகள், ஆண்டின் இறுதியில் குறைவாகவே அழுதார்கள்.

இதைக் கேட்டுத் தாய்மார்கள் பயந்துவிட வேண்டாம். எந்தத் தாயாலும் ஒவ்வொரு அழுகையின் காரணத்தையும் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது. பசி என்று நினைப்போம், அது தூக்கமாக இருக்கும். உளவியலாளர் எட்வர்ட் டிரானிக்கின் ஆய்வுகளில் நல்ல இணக்கமான தாயும் சேயும்கூட அடிக்கடி தாளம் தப்பினார்கள். தப்பியதைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறார்களா என்பதே அங்கே முக்கியம். இரவெல்லாம் விழித்தவர் களைத்துப்போனால், வீட்டில் மற்றவர்கள் எழுந்து குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டும்.

வேலைக்குக் கிளம்பும்போது குழந்தை பாராத நேரம் பார்த்து நழுவாதீர்கள். முகம் காட்டி, போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அழும்தான். அப்போது தூக்கிக்கொள்ள, அதற்கு நன்றாகப் பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.