கெர்ரி ஜேம்ஸ் மார்ஷலோட கறுப்பு ஏன் தட்டையாத் தெரியறதில்ல?

கறுப்பின மக்களை வரையற அமெரிக்க ஓவியர் மார்ஷலைப் பத்தி நேயர் ஒருத்தர் கேட்டிருக்காங்க: "மார்ஷல் தன் ஆட்களைச் சுத்தக் கறுப்புல வரையறார். ஆனாலும் கன்னம், மூக்கு, விரல் எல்லாம் தெரியுது. நான் வரைஞ்சா வெட்டி ஒட்டின காகிதம் மாதிரி இருக்கு. என்ன தப்பு?"

ரெண்டு காரணம் இருக்கலாம். ஒரே ஒரு கறுப்பு ட்யூபை வச்சுக்கிட்டு வேலை செய்யறீங்க. வெளிச்சம் படற இடத்துக்கு வெள்ளையைக் கலக்கறீங்க. வெள்ளை சேர்ந்ததும் கறுப்பு செத்துப்போய் வெறும் சாம்பல் நிறமாயிடும்.

1980-ல அவர் முட்டை மஞ்சக்கரு டெம்பராவில (நிறப்பொடியை மஞ்சக்கருவுல குழைச்ச வண்ணம்) காகிதத்துல வரைஞ்ச சின்ன சுய உருவம் ஒண்ணு இருக்கு, 8 அங்குல உயரம்தான். அதுல முகம் வேணும்னே தட்டை. கண்ணும் பல்லும் சட்டையும் மட்டும் பளிச்சுனு நிக்கும். எதிர்ல நின்னாலும் கண்ணுல படாத ஆளு, அதுதான் விஷயம். அதுக்கப்புறம் முழு உடம்போட ஆட்களை வரைய வந்தப்போ, கறுப்பையே ஒரு வண்ணமா நடத்த ஆரம்பிச்சார். பழுப்புக்குப் போய்த் தப்பிச்சுக்கல. அந்தப் பிடிவாதம்தான் எனக்கு அவர்கிட்ட முக்கியமாப் படுது.

அவர் எடுத்துக்கறது கடையில கிடைக்கற மூணு கறுப்பு: ஐவரி பிளாக், கார்பன் பிளாக், மார்ஸ் பிளாக். ஐவரி எலும்புக் கரி, கொஞ்சம் ஒளி ஊடுருவும். மார்ஸ் இரும்பு ஆக்சைடு, நல்லா மூடும், லேசா பழுப்புச் சாயல். கார்பன் மத்த நிறத்தை முழுங்கிடும். இதுங்களோட கோபால்ட் நீலம், குரோம் ஆக்சைடு பச்சை, ஊதா இதெல்லாம் சேர்த்து இன்னும் பல கறுப்பு உண்டாக்கறார். அப்போ மேடு பள்ளத்தைக் காட்டறதுக்கு வெள்ளை தேவையில்ல. குளிர்ந்த (நீலச் சாயல்) கறுப்பும் சூடான (பழுப்புச் சாயல்) கறுப்பும் பக்கத்துல பக்கத்துல நின்னாலே உருவம் உருண்டு தெரியும்.

நீங்க செய்யறப்போ, மூணையும் வெள்ளை அட்டையில பட்டை பட்டையா அடிச்சுக் காயவிட்டுப் பாருங்க, வித்தியாசம் பிடிபடும். கலக்கும்போது நீலத்தை முதல்ல வச்சு, கறுப்பைத் துளித் துளியாச் சேருங்க. கார்பன்ல நீலத்தைப் போட்டா அரை ட்யூப் போனாலும் ஒண்ணும் தெரியாது. ஊதா தானே ரொம்ப இருட்டு, அதை நிழலுக்கு வைங்க. பச்சை, அடியில இருக்கறதை நல்லா மூடற நிறமி, கொஞ்சம் வெளிறினதும்கூட, அதனால நெத்தி, தாடைக்கு உதவும்.

அக்ரிலிக்னா இன்னொரு சிக்கல். ஈரத்துல, நிறமியைப் பிடிச்சு வைக்கற பசை பால் மாதிரி இருக்கும், காய்ஞ்சா தெளிஞ்சு இன்னும் இருட்டாகும். ஈரத்துல தனித்தனியாத் தெரிஞ்ச ரெண்டு கறுப்பு காலையில ஒண்ணாயிருக்கும். வேணுங்கறதைவிட ஒரு படி கூடுதல் இடைவெளி விட்டுக் கலங்க.

பின்னணியும் பாருங்க. 1993-ல வரைஞ்ச முடிதிருத்தக் கடைக் காட்சியில சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் அழுத்தமா இருக்கும், ஆட்களோட கறுப்பு அதுக்கு நடுவுல கூர்மையா நிக்கும். மங்கின பின்னணியில அதே கறுப்பு ஓட்டை மாதிரிதான் தெரியும்.

ஒண்ணு மறந்துட்டேனே, ஃபோன்ல படம் எடுத்துட்டு முடிவு பண்ணாதீங்க. கேமரா தானா வெளிச்சத்தை ஏத்தி எல்லாக் கறுப்பையும் ஒரே சாம்பலாக்கிடும். எக்ஸ்போஷரைக் குறைச்சு, பக்கவாட்டு வெளிச்சத்துல எடுங்க.