பார்த்ததைச் சொல்லுங்கள், பிடிக்கப் போகாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ராத்திரி ரோந்து போகும் தொண்டர்களில் நானும் ஒருவன். ரோந்தைப் பற்றிப் பேசத்தான் அழைத்தார்கள். ஆனால் அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, நாம் கண்ணால் பார்த்ததைப் போலீசுக்குச் சரியாகச் சொல்வது.

"மூலையில் கெட்ட பையன்கள் நிற்கிறார்கள், வந்து பாருங்கள்" என்கிறோம். இதை வைத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர் என்ன செய்வார்? எந்த மூலை, எத்தனை மணி, எந்த வண்டி? அதுதான் அவருக்கு வேண்டும்.

ஓர் ஆயாவைப் பற்றிச் சொல்கிறேன். அவர் காலமாகிவிட்டார். குடும்பத்தார் சம்மதத்தோடுதான் சொல்கிறேன், தெருப் பெயர் மட்டும் வேண்டாம். அந்தப் பக்கம் செம்புக் கேபிள் அடிக்கடி திருட்டுப் போய், தெருவே இருட்டில் கிடந்த சமயம். ஆளுக்கு ஆள் வாட்ஸ்அப்பில் புலம்பினார்கள், நான் உட்பட. ஆயா காலையில் வராந்தாவில் பீன்ஸ் உரித்துக்கொண்டே தெருவைப் பார்ப்பார். கோயிலில் கொடுத்த காலண்டரில், செவ்வாய்க்கிழமைக் கட்டத்துக்குள், ராகுகாலத்துக்குப் பக்கத்தில், பென்சிலால் பொடிப்பொடியாக ஒரு வண்டி நம்பர். வெள்ளைப் பக்கி, அதாவது பின்னால் சரக்கு ஏற்றும் சின்ன வண்டி, பின்கதவில் பள்ளம். குப்பை லாரி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வரும். இறங்குகிறவன் வலது காலைச் சாய்த்து நடப்பான். அடுத்த செவ்வாய்க் கட்டத்திலும் அதே நம்பர். கவனியுங்கள், யாரையும் திருடன் என்று ஆயா சொல்லவே இல்லை. பார்த்ததை மட்டும் எழுதினார். பேரன் போலீசுக்குத் துப்புக் கொடுக்கும் 08600 10111-க்குக் கூப்பிட்டு, காலண்டரைப் பார்த்துப் படித்தான். பெயர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. அந்தப் பக்கியில் தார்ப்பாய்க்கு அடியில் கேபிள் சுருள் அகப்பட்டது.

பெயர் சொல்லாமல் துப்புக் கொடுக்கும் இந்த முறை 1976-இல் அமெரிக்காவில், அல்புகர்க்கி என்ற ஊரில் பிறந்தது. பெட்ரோல் பங்கில் ஓர் இளைஞனைச் சுட்டுக் கொன்றார்கள். துப்பே கிடைக்கவில்லை. கிரெக் மெக்அலீஸ் என்ற துப்பறியும் அதிகாரி அந்தச் சம்பவத்தை டிவியில் நடித்துக் காட்ட வைத்தார். பார்த்த ஒருவர், அன்றிரவு கண்ட ஒரு காரைப் பற்றிச் சொன்னார். அங்கேயும் ஒரு வண்டிதான், பாருங்கள்.

இப்போது மனசுக்குக் கஷ்டமான விஷயம். 2021 ஜூலையில், நம் டர்பன் பக்கத்தில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். கடைகள் கொள்ளை போயின, போலீஸ் வரவில்லை, மக்கள் பயந்தார்கள். அந்தப் பயம் உண்மை. ஆனால் சரிபார்க்காத செய்திகள் போனுக்குப் போன் பறந்தன, அங்கிருந்த நம்மவர்கள் சிலர் சாலைகளை மறித்தார்கள், துப்பாக்கியை எடுத்தார்கள். ஃபீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டதாக அன்றைய போலீஸ் அமைச்சர் அறிவித்தார். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள், நம்மோடு ஒரே கடையில் ரொட்டி வாங்கியவர்கள். அதனால்தான் ரோந்தில் சேர வரும் ஒவ்வொரு தம்பியிடமும் சொல்கிறேன்: நம் வேலை பார்ப்பது, எழுதுவது, சொல்வது. துரத்துவதும் அடிப்பதும் நம் வேலை இல்லை. குரூப்பில் ஒருவன் போட்டோவைப் போட்டு "இவன்தான்" என்று எழுதுவதும் அடிப்பதில்தான் சேர்த்தி.

போலீஸ் சரியாக வருவதில்லையே என்பீர்கள். நியாயமான கேள்வி. 1995-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டப்படி ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு சமூகக் காவல் மன்றம் உண்டு. அங்கே போய் ஸ்டேஷன் தலைவரையே நேருக்கு நேர் கேட்கலாம். அதைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சரி, சுருக்கமாக: இப்போதே ஆபத்து என்றால் 10111. துப்பு என்றால் 08600 10111, அல்லது 32211-க்கு எஸ்எம்எஸ். உங்கள் வீட்டிலேயே திருட்டு நடந்து புகார் கொடுத்தால், கேஸ் நம்பரை வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். மன்றத்தில் கேள்வி கேட்க அந்த நம்பர் வேண்டும். வணக்கம்.