மாணவர் மனநலம்: முதற்பொறுப்பு கல்லூரிக்கே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, டர்பன் நகரத் தமிழ்ப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி மாணவரைத் தற்கொலை எண்ணத்திலிருந்து காக்கும் முதற்பொறுப்பு குடும்பத்துக்கா, கல்லூரிக்கா என்பது இன்றைய தலைப்பு. கல்லூரிக்கே என்று வாதிட வந்திருக்கிறேன்.

பெற்ற தாய்க்குத் தெரியாத முகவாட்டம் உண்டா என்று எதிரணித் தோழி கேட்டபோது அவையே கைதட்டியது. நம் டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வீட்டிலிருந்தே போய்வரும் பிள்ளையின் முகத்தைத் தாய் பார்க்கிறாள் என்பது உண்மைதான். கேப் டவுனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ விடுதியில் தங்கிப் படிக்கும் மகன், "சாப்பிட்டேன் அம்மா, நன்றாக இருக்கிறேன்" என்று தொலைபேசியை வைத்துவிட்டால், அவளுக்கு என்ன தெரியும்? அவன் சில வாரங்களாக விரிவுரைக்கு வரவில்லை, இரண்டு தேர்வுகளை எழுதவில்லை, கட்டணப் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது என்ற மூன்றும் கல்லூரியின் கணினியில் இருக்கின்றன.

வீட்டில் அவன் ஏன் சொல்வதில்லை? 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரும் அவர்கள் வழிவந்தோரும் தங்கள் சொற்ப வருமானத்தில் காசு சேர்த்துப் பள்ளிகள் கட்டினார்கள். அன்றிலிருந்து படிப்பு நமக்குக் குடும்ப மானத்தோடு கலந்த பொருளாகிவிட்டது. பணமும் சேர்ந்து அழுத்துகிறது. 2018 முதல், ஆண்டு வருமானம் 350,000 ராண்டுக்கு மேற்படாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கே தென்னாப்பிரிக்க அரசின் தேசிய மாணவர் நிதியுதவித் திட்டம் முழு உதவி தருகிறது. அந்த வரம்பைச் சற்றே தாண்டியதால் 'மிஸ்ஸிங் மிடில்', அதாவது இடையில் விடுபட்டவர்கள், என்று பெயர் பெற்றுவிட்ட குடும்பங்கள் இந்த அவையிலேயே இருக்கும். அப்பா எந்தக் கடனை வாங்கிக் கட்டணம் கட்டினார் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஒரு பாடத்தில் தோற்றதை வீட்டில் சொல்வது, அந்தக் கடன் வீணாகிவிட்டது என்று அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்வதாக அவனுக்குப் படுகிறது. அன்பு மிகுந்த வீட்டில்தான் இந்த மௌனம் இன்னும் ஆழமாகிறது என்பதை எதிரணியினர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உலக அளவில் 15 முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணத்துக்கான மூன்றாவது பெரிய காரணம் தற்கொலை என்பது உலக சுகாதார அமைப்பின் 2021ஆம் ஆண்டுக் கணக்கு. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று ஒருவரிடம் நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதாகாது என்றும் அதே அமைப்பு தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் பெற்றோர் கேட்க அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் குறை கூறமாட்டேன். கேட்கவும், பதிலைப் பதறாமல் செவிமடுக்கவும், உரிய மருத்துவரிடம் அழைத்துப் போகவும் பயிற்சி வேண்டும். விடுதிக் காப்பாளருக்கும் விரிவுரையாளருக்கும் அந்தப் பயிற்சியைத் தரக்கூடிய இடம் கல்லூரிதான்.

ஆலோசனை மையங்கள் ஏற்கெனவே இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, மாணவன் தானே தேடி வரட்டும் என்று காத்திருக்கின்றன. படுக்கையை விட்டு எழுவதற்கும் மனமில்லாதபடி செய்யும் நோய் மனச்சோர்வு. அதில் சிக்கியவனை முன்பதிவு செய்து வரச் சொல்வது, கால் முறிந்தவனை மாடியேறி வந்து மருந்து வாங்கச் சொல்வதற்கு ஒப்பானது.

படிப்பிலிருந்து விலக்கும் கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேர்ச்சி போதாத மாணவனுக்கு அது மின்னஞ்சலில் போய்ச் சேரும்போது அவன் அறையில் தனியாக இருக்கக்கூடும். அக்கடிதம் போகுமுன் ஒருவர் அவனை நேரில் அழைத்து, மேல்முறையீட்டு வழியையும் மாற்றுப் படிப்பையும் விளக்கி, அன்றிரவு உடனிருக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டறிய வேண்டும் என்பதே எங்கள் அணியின் கோரிக்கை. இந்த அவையில் உள்ள எந்த மாணவருக்கேனும் இன்றே பேச ஆள் வேண்டுமானால், 0800 567 567 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருக்கிறார்கள்.

நடுவர் அவர்களே, கடிதத்தை எழுதுவதும் கல்லூரி, அனுப்பும் நாளைக் குறிப்பதும் கல்லூரி. அந்த நாளைத் தாய் முன்கூட்டி அறிய வழியில்லை என்பதை மனத்தில் கொண்டு தீர்ப்பளிக்க வேண்டுகிறேன்.