நிதானமாகத் தயாரித்தால் நிறையக் கிடைக்கும்: பாக்டீரியா சுரக்கும் மனித ஹார்மோன்

[திரையில்: ஈ. கோலை என்ற பாக்டீரியா செல்லின் குறுக்குவெட்டு. உள் சவ்வு, வெளிச் சவ்வு, இரண்டுக்கும் நடுவே பெரிபிளாசம் என்ற குறுகிய இடைவெளி.]

மனித வளர்ச்சி ஹார்மோன் 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். 1985 வரை இதை இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்துதான் எடுத்தார்கள். அதன் வழியே குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் என்ற கொடிய மூளை நோய் பரவியது தெரிந்ததும் அமெரிக்காவில் அந்த விநியோகம் நின்றது. அதே ஆண்டில் பாக்டீரியாவில் உருவான ஹார்மோனுக்கு அங்கே அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்குப் போடும் ஊசி என்பதால், இந்த மாற்றத்தின் மதிப்பு மிகப் பெரியது.

ஆனால் முதலில் வந்த அந்த மருந்தில் 192 அமினோ அமிலங்கள் இருந்தன. பாக்டீரியா செல்லுக்குள்ளேயே தயாரானதால், தொடக்கத்தில் ஒரு மெத்தியோனின் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

செல்லுக்குள் இன்னொரு தொல்லையும் உண்டு. இந்த ஹார்மோனுக்கு இரண்டு டைசல்ஃபைடு பிணைப்புகள், அதாவது சங்கிலியின் கந்தக அணுக்களை இணைக்கும் பாலங்கள், தேவை. அங்குள்ள சூழல் அவற்றை உருவாக விடாது. புரதம் சரியாக மடியாமல் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். அதை யூரியாவில் கரைத்து மறுபடி மடியவைக்கலாம். கணிசமான பகுதி வீணாகும்.

எனவே உள் சவ்வைத் தாண்டி, பெரிபிளாசத்துக்கு வெளியே அனுப்புவதே நல்ல வழி.

[திரையில்: புரதச் சங்கிலியின் முனையில் வண்ணமிட்ட சிறு துண்டு.]

சங்கிலியின் முன்னால் சுமார் இருபது அமினோ அமிலங்கள் கொண்ட சமிக்ஞைத் தொடரைச் சேர்க்கிறோம். அதுதான் முகவரிச் சீட்டு. செக்-ஏ என்ற புரதம் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து, மடியாத சங்கிலியை உள் சவ்விலுள்ள குறுகிய வாசல் வழியே தள்ளுகிறது. மறுபக்கம் ஒரு நொதி சமிக்ஞைத் தொடரை வெட்டுகிறது. வெட்டு சரியான இடத்தில் விழுந்தால், மனித உடலில் இருப்பதைப் போலவே ஃபினைல்அலனினில் தொடங்கும் ஹார்மோன் கிடைக்கும். பெரிபிளாசத்தில் டிஎஸ்பி-ஏ என்ற நொதி டைசல்ஃபைடு பிணைப்புகளைப் போட்டுவிடும்.

பலர் சறுக்கும் இடம் அடுத்துதான் வருகிறது. விளைச்சல் வேண்டும் என்று மரபணுவை முழு வேகத்தில் ஓடவிடுகிறார்கள். சவ்வின் வாசல்களோ எண்ணிக்கையில் குறைவு. பாக்டீரியாவின் சொந்தப் புரதங்களும் அவற்றை நம்பியே இருக்கின்றன. நெரிசல் ஏற்பட்டால் ஹார்மோன் உள்ளேயே தேங்கித் திரளும், செல்லின் வளர்ச்சியும் தடைபடும். மொழிபெயர்ப்பு, அதாவது மரபணுச் செய்தியிலிருந்து புரதம் கோக்கும் வேலை, தொடங்கும் வேகத்தைப் படிப்படியாக மாற்றிப் பார்த்த சோதனைகளில், பல புரதங்களுக்கு நடுத்தர வேகமே அதிகச் சுரப்பைத் தந்தது. ஆகவே மரபணுவை இயக்கிவிடும் தூண்டி வேதிப்பொருளைக் குறையுங்கள். வெப்பநிலையை 37 டிகிரியிலிருந்து 25 அல்லது 30க்கு இறக்குங்கள். என் கருத்தில், வாசலை அகலப்படுத்த முயல்வதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான்.

வாசலை அடையும் முன்பே மடிந்துவிடும் புரதம் என்றால், டிஎஸ்பி-ஏயின் சமிக்ஞைத் தொடரைப் பயன்படுத்திப் பாருங்கள். அது புரதத்தைக் கோக்கும் ரைபோசோமையே வாசலுக்கு அழைத்துச் செல்லும்; சங்கிலி உருவாக உருவாகவே வெளியேறும். டாட் என்ற வேறொரு பாதையும் இருக்கிறது. அது மடிந்த புரதத்தையே கடத்தும். வளர்ச்சி ஹார்மோன் அந்த வழியிலும் வெளியேற்றப்பட்டிருக்கிறது.

[திரையில்: குழாயில் செல்கள், பிறகு ஜெல் படம்.]

அறுவடை எளிது. செல்களைச் சர்க்கரையும், உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளும் கலந்த கரைசலில் வைத்து, பின்பு குளிர்ந்த நீருக்கு மாற்றுங்கள். வெளிச் சவ்வு தளர்ந்து, பெரிபிளாசத்தில் இருப்பது மட்டும் வெளியே வரும்.

இப்போது முழுச் செல்லின் மாதிரியை, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டுங்கள். 22 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அளவில் தெரியும் பட்டை முதிர்ந்த ஹார்மோன். அதற்குச் சற்று மேலே இன்னொன்று தெரிந்தால், அது சமிக்ஞைத் தொடர் வெட்டப்படாமல் உள்ளே தேங்கிய வடிவம். மேல்பட்டை தடித்திருந்தால் தூண்டியை இன்னும் குறையுங்கள். கீழே சிறு துண்டுகள் சிதறிக் கிடந்தால் வெளியேற்றத்தில் குறையில்லை, ஹார்மோனை நொதிகள் அரிக்கின்றன. டெக்-பி போன்ற புரதம் சிதைக்கும் நொதி நீக்கப்பட்ட பாக்டீரியாத் திரிபுக்கு மாறுங்கள்.