பசை காயும் நேரம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் திருச்சியில் வசிக்கும் ஓர் இல்லத்தரசி. பதினெட்டு ஆண்டுகளாக வீட்டில் கையாலேயே வாழ்த்து அட்டைகள், மொய்க் கவர்கள், தோரணங்கள், காகிதச் சுருள் வேலைகள் செய்து வருகிறேன். வீட்டில் நாங்கள் ஆறு பேர். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு, நடக்கச் சிரமப்படும் மாமனார், பார்வை குன்றிய மாமியார், வேலைக்குப் போய் இரவு வரும் கணவர், நான். அதனால் என் அட்டைகளைப் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதற்கெல்லாம் உங்களுக்கு எப்படி நேரம் கிடைக்கிறது?" என்பதுதான்.

நேரம் கிடைப்பதில்லை. கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் பதினெட்டு ஆண்டுகளில் ஓர் அட்டைகூடச் செய்திருக்க மாட்டேன். இன்று நான் சொல்ல வந்ததே இதுதான்: காகித வேலைக்கு நேரம் ஒதுக்க வேண்டாம்; வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

வீட்டு வேலைகளில் பாதியில் விட்டுப் போக முடியாதவை பல. பாகு கம்பிப் பதத்துக்கு வரும்போது வாசலில் யார் அழைத்தாலும் அடுப்பை விட்டு நகர முடியாது. காகிதம் அப்படியில்லை. எந்த இடத்தில் நிறுத்தினாலும் அந்த இடத்திலேயே காத்திருக்கும். இன்னும் சரியாகச் சொன்னால், நிறுத்தினால்தான் அந்த வேலை நன்றாக வரும். பசை காய வேண்டுமே! ஒட்டிய கையோடு அடுத்த அடுக்கை ஒட்டினால் கீழே இருப்பது நழுவும். நான் குக்கரில் பருப்பை ஏற்றிவிட்டு வந்து ஓர் அடுக்கை ஒட்டுவேன். அதன்மேல் கனமான அகராதியை வைத்துவிட்டு, விசில் வந்ததும் எழுந்து போவேன். ரசம் கொதித்து, அப்பளம் பொரித்து, மாமனாருக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத் திரும்பும்போது அட்டை தட்டையாகக் காய்ந்திருக்கும். பசை காயும் நேரத்தில் என் சமையல் நடக்கிறது. சமையல் கொதிக்கும் நேரத்தில் என் அட்டை வளர்கிறது.

இதற்கு ஒரே நிபந்தனை, பொருள்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். என்னுடையது ஒரு பழைய பிஸ்கட் டின். கத்தரிக்கோல், இரும்பு ஸ்கேல், பிளேடு, பசை, காகிதம் சுருட்டும் ஊசி, எழுதித் தீர்ந்த ஒரு பால்பாயின்ட் பேனா, அவ்வளவுதான். சாப்பாட்டு மேசையில் திறந்தால் தொழிற்கூடம், மூடினால் மேசை மறுபடி சாப்பாட்டுக்கு. தனி அறை வேண்டும், தனி மேசை வேண்டும், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கருவிகள் வேண்டும் என்று எண்ணிக்கொண்டே தொடங்காமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இந்த டின்னைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

இப்படி வேலை செய்ய எனக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. மணப்பாறைப் பக்கத்தில் இருந்த என் பாட்டியிடம் பார்த்ததுதான். சித்திரை வெயில் தொடங்கியதும் பாட்டி பழைய செய்தித்தாள்களையும் பரீட்சைத் தாள்களையும் கிழித்து அண்டாவில் ஊறப் போடுவார். இரண்டு மூன்று நாள் ஊறியதும் தண்ணீரைப் பிழிந்துவிட்டு, ஊறிய வெந்தயத்தைச் சேர்த்து உரலில் இட்டு இடிப்பார். வெந்தயத்தின் வழுவழுப்பு கூழைப் பிடித்து நிறுத்தும். அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பார். ஒரு குண்டானைக் கவிழ்த்து, ஈரத்துணியைப் போர்த்தி, அதன்மேல் கூழை அடை தட்டுவதுபோல் தட்டிக்கொண்டே வருவார். கனம் ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் மெலிந்தால் காயும்போது அங்கேதான் விரிசல் விடும். காய்ந்த கூடையைக் குண்டானிலிருந்து கழற்றும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காக நாங்கள் பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருப்போம். வண்ணக் காகிதம் ஒட்டிய அந்தக் கூடைகளில் மிளகாய் வற்றலும் பூண்டும் ஆண்டுக்கணக்கில் இருந்தன.

பாட்டி அதைக் கலை என்று சொல்லிக்கொண்டதே இல்லை. முற்றத்தில் ஒரு பாயில் வடகம் காயும். பக்கத்தில் கூடை காயும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே காவல். வீட்டு வேலைக்குள்ளேயே காகித வேலைக்கும் ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தை நாம் எப்போதோ விட்டுவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி காகிதத்துக்கு வருகிறேன். நல்ல கனமான தாள் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். உங்கள் வீட்டு அலமாரியிலேயே கிடைக்கும். கல்யாணப் பத்திரிகைகளைப் பாருங்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் படத்தோடு வந்ததைக் குப்பையில் போட மனம் வராமல் எல்லோரும் அடுக்கித்தான் வைத்திருக்கிறோம். சுவாமி படத்தைத் தனியே வெட்டி எடுத்துப் பூஜை அலமாரியில் வைத்துவிடுங்கள். மீதியில் அட்டைக்கு அடித்தளமும் உண்டு, பொன் நிற ஓரமும் உண்டு, உறையும் உண்டு. தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதே அந்தக் கணக்கு. நகல் எடுக்கும் தாள் 70 அல்லது 80. நிற்கக்கூடிய வாழ்த்து அட்டைக்கு 200க்கு மேல் வேண்டும். கல்யாணப் பத்திரிகைகள் பலவும் அதற்கு மேலேயே இருக்கும்.

ஆனால் கனத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. புதிதாகச் செய்கிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. காகிதத்துக்கு ஒரு போக்கு இருக்கிறது. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், நேராகக் கிழியும். குறுக்கே கிழியுங்கள், கோணல்மாணலாகப் போகும். ஆலையில் நீர்த்த கூழ் ஓடும் வலையின் மேல் பாயும்போது, இழைகள் பெரும்பாலும் அது ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. அந்தப் போக்கிலேயே மடித்தால் மடிப்பு கூர்மையாக விழும். அதற்குக் குறுக்கே மடித்தால் தடித்த தாள் வெடித்து, உள்ளே இருக்கும் வெள்ளை நார் வெளியே தெரியும். மடிப்பதற்கு முன் தாளை இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் பக்கம் மடியுங்கள். இந்த ஒரு பழக்கம் போதும், உங்கள் அட்டை கடை அட்டையைப் போல நிமிர்ந்து நிற்கும்.

மழைக்காலத்தில் ஒட்டிய அட்டை ஏன் படகுபோல் வளைகிறது என்பதற்கும் காரணம் இதுவே. ஈரம் பட்டால் இழை நீளத்தில் அதிகம் வளராது, தடிமனில்தான் உப்பும். பசை பூசிய தாள் குறுக்கே விரிந்து, காயும்போது சுருங்கி, கூட இருக்கும் தாளையும் இழுத்துக்கொண்டு வளைகிறது. ஒட்டப்போகும் இரண்டு தாள்களின் போக்கும் ஒரே திசையில் இருக்கட்டும். பசை மெல்லியதாக இருக்கட்டும். மேலே பாரம் இருக்கட்டும்.

புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் இயங்கி வருகிறது. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தால் ஒவ்வொரு தாளாக அள்ளி எடுக்கிறார்கள். அள்ளும்போது சட்டத்தை அசைப்பதால் இழைகள் எல்லாத் திசையிலும் கலந்து படிகின்றன. அதனால்தான் கைக்காகிதம் எந்தப் பக்கமும் மடியும், எளிதில் கிழியாது. அதன் ஓரம் வெட்டுப்படாமல் இழை இழையாக இருக்கும். நான் அந்த ஓரத்தைக் கத்தரிப்பதே இல்லை.

மடிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். அந்தத் தீர்ந்துபோன பேனாவைச் சொன்னேன் அல்லவா? ஸ்கேலை வைத்து, மடிக்க வேண்டிய இடத்தில் அந்தப் பேனா முனையால் இரண்டு முறை அழுத்திக் கோடு இழுங்கள். மை வராது, தடம் மட்டும் விழும். அந்தத் தடத்தில் மடித்துவிட்டு, மேலே ஒரு துண்டுத் தாளை வைத்து, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்த்துவிடுங்கள். துண்டுத் தாள் வைக்காவிட்டால் தேய்த்த இடம் பளபளத்துத் தனியாகத் தெரியும்.

பசைக்கு மைதா போதும். ஒரு கரண்டி மாவுக்கு ஆறு கரண்டி தண்ணீர், கட்டி இல்லாமல் கரைத்து, பளபளப்பு வரும்வரை கிளற வேண்டும். புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். பிள்ளைகள் கை வைக்கும் வீட்டில் அது வேண்டாம். அன்றன்றைக்குக் கொஞ்சமாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு, "அம்மா, நாளைக்குக் கைவேலை கொண்டு போக வேண்டும்" என்ற குரல் எல்லா வீட்டிலும் கேட்கும். பிள்ளை தூங்கிய பிறகு அம்மா உட்கார்ந்து செய்து முடிப்பதும் எல்லா வீட்டிலும் நடக்கிறது. நானும் இரண்டு ஆண்டுகள் அப்படிச் செய்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். என் மகன் கோணலாக வெட்டிய வட்டம் கோணலாகவே பள்ளிக்குப் போகட்டும். இப்போது அவன் வெட்டும் வட்டத்துக்கு நான் காம்பஸ் தேட வேண்டியதில்லை.

மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டில் பொங்கல் வாழ்த்து வேலை. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பொங்கலுக்கு முன் கடைவீதி முழுக்கக் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். காளை, கரும்பு, பொங்கல் பானை, தலைவர்கள், நடிகர்கள். உறையை ஒட்டாமல், ஓரத்தில் புக் போஸ்ட் என்று எழுதி அனுப்பினால் அப்போது தபால்தலைச் செலவு குறைவு. அதற்காகவே உறையின் மூடி மடிப்பை உள்ளே செருகி அனுப்புவோம். நான் இன்றும் ஆண்டுக்கு இருபது அட்டை தபாலில் அனுப்புகிறேன். அதற்கு வாங்கும் தாளிலும் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான கரூரில், காகிதபுரத்தில் இருக்கிறது 1979இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம். கரும்புச் சக்கையிலிருந்து அங்கே தாள் செய்கிறார்கள். பொங்கலுக்குக் கரும்பும் வருகிறது, கரும்பிலிருந்து பிறந்த வாழ்த்தும் வருகிறது.

இந்தப் பொங்கலுக்கு நான் செய்த ஓர் அட்டை மட்டும் தபாலில் போகவில்லை. அது என் மாமியாருக்கு. கண் அழுத்த நோயால் அவருக்குப் பார்வை மெல்ல மெல்லப் போய்விட்டது. ஐம்பது ஆண்டுகள் எங்கள் வாசலில் கோலம் போட்ட கை அது. இப்போது வாசலில் நான் போடுகிறேன், அவர் கட்டிலில் உட்கார்ந்து, "இன்றைக்கு என்ன கோலம்?" என்று மட்டும் கேட்பார்.

விரலால் படிக்கக்கூடிய ஒரு கோலம் செய்தால் என்ன என்று நினைத்தேன். ஐந்து புள்ளி, ஒன்றில் முடியும் சிக்குக் கோலம்; இழை வளைந்து வளைந்து ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனி வீட்டுக்குள் அடைக்கும். மொத்தம் பதின்மூன்று புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியையும் மூன்று மில்லிமீட்டர் அகலக் காகித நாடாவை ஊசியில் இறுக்கிச் சுருட்டிச் செய்தேன். கோலத்தின் இழைக்கு அதே நாடாவை நிமிர்த்தி, விளிம்பில் பசை தொட்டு, தாளின் மேல் சுவர்போல நிறுத்திக்கொண்டே வந்தேன். பொடியில் கோடும் கோடும் குறுக்கே போவது எளிது. காகிதத்தில் ஒரு சுவரை மற்றொரு சுவர் கடக்க முடியாது. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒன்றைத் துண்டித்து, அந்தப் பக்கம் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு வளைவு, சில நாள் அதுவும் இல்லை. பத்து நாளில் முடிந்தது.

பொங்கல் அன்று காலை கையில் கொடுத்தேன். முதலில் என்னவென்று புரியாமல் தடவினார். பிறகு விரல் மெதுவாக நகரத் தொடங்கியது. ஓரத்துப் புள்ளியிலிருந்து வளைந்து, நடுப் புள்ளியைச் சுற்றி, மறுபடி மேலே. உதடு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் விரல் நின்றது. திரும்பி வந்து அதே இடத்தைத் தடவியது.

"ஏம்மா, இங்கே ஒரு வீட்டுக்குள் இரண்டு புள்ளி இருக்கிறதே?" என்றார்.

வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஆமாம். ஒரு சந்திப்பில் இழையைக் கடக்கவிடாமல் பக்கத்திலேயே வளைத்து ஒட்டியிருக்கிறேன். பத்து நாளும் பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணுக்கு அது தெரியவில்லை. அன்று மத்தியானமே பிளேடால் அந்த இரண்டு இழைகளையும் பெயர்த்து, வெட்டி, குறுக்கே ஒட்டினேன். மறுநாள் மறுபடியும் கொடுத்தேன். விரல் அந்த இடத்துக்கு வந்து, நிற்காமல் கடந்துபோனது. அட்டையைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அடுத்தது ஏழு புள்ளி செய். ஆடிக்கு முன்னே முடித்துவிடு" என்றார்.

ஏழு புள்ளி என்றால் மொத்தம் இருபத்தைந்து. அதில் பதினொன்றை இன்று காலை இட்லி வேகும்போது ஒட்டிவிட்டு, அகராதியை மேலே வைக்க முடியாது என்பதால் விசிறிக் காற்றில் காயவிட்டுத்தான் நிலையத்துக்கு வந்திருக்கிறேன்.

வணக்கம்.