பன்றிக்குத்தான் வைத்தேன்

காணும் பொங்கல் அன்று வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கம் ஒரு ஊர் மேடையில் என்னைப் பேசச் சொன்னார்கள். அங்கே பேசியதையும், பேச நினைத்து மறந்து போனதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பிகளே, நான் சட்டம் படித்தவன் இல்லை, 31 வருஷம் கம்பம் ஏறி இறங்கிய லைன்மேன். பண்டிகை நாளில் கரண்டு வேலியைப் பற்றிப் பேசலாமா என்று யோசித்தேன். ஆனால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை, கரும்புத் தோட்டம், ஜவ்வாது மலையில் இருந்து இறங்கி வருகிற பன்றி, மோட்டார் கொட்டகையில் ஓசிக் கரண்டு, இந்த நாலும் ஒரே இடத்தில் இருக்கிற ஊர் இது. வேறு எதைப் பேச?

வரப்பைச் சுற்றிக் கட்டுக்கம்பி இழுத்து, அதில் நேராக 230 வோல்ட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கிறோம். விடியற்காலை யாராவது செத்துக் கிடந்தால், 'பன்றிக்குத்தான் வைத்தேன், மனுஷன் வருவான் என்று கண்டேனா' என்று சொல்கிறோம். கண்டேனாவா? அப்புறம் ஏன் பொழுது விடியுமுன் ஓடிப்போய், கரண்டு எடுக்க மாட்டிய கொக்கியை எடுக்கிறாய்? உன் பிள்ளையிடம் மட்டும் 'ராத்திரி அந்தப் பக்கம் போகாதே' என்று ஏன் சொல்லி வைத்தாய்? உன் வீட்டு மாட்டை மட்டும் ஏன் கட்டிப் போட்டாய்? தெரிந்ததால்தானே! பக்கத்துக் கொல்லைக்காரனுக்கு மட்டும் சொல்லவில்லை. ராத்திரி மும்முனை மின்சாரம் வந்ததும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மோட்டார் போட வருகிறவன் அவன்தான்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீல் தம்பி எனக்குப் படித்துக் காட்டினார். 1860-இல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில் ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். கொள்ளையடிக்க வசதியாக இருக்கட்டும் என்று ஒருவன் ராத்திரியில் ஆள் குடியிருக்கிற வீட்டுக்குத் தீ வைக்கிறான், உள்ளே ஒருவர் சாகிறார். கொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லாமல் இருக்கலாம், அந்தச் சாவுக்காக அவன் வருந்தவும் செய்யலாம், ஆனாலும் சாவு நேரக்கூடும் என்று தெரிந்திருந்தால் அதை அவன் தானாக விரும்பிச் செய்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. 2024 ஜூலை 1-ஆம் தேதி புதுச் சட்டம் வந்துவிட்டது, உதாரணம் மாறவில்லை. அந்த 'வருந்தவும் செய்யலாம்' என்கிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது, காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

'ஃபியூஸ் போட்டிருக்கிறேன், போய்விடும்' என்று சிலர் சொல்கிறார்கள். போகாது. 60 வாட் குண்டு பல்பு எரியவே கால் ஆம்பியர் வேண்டும், அதில் பத்தில் ஒரு பங்கு நெஞ்சு வழியாகப் போனாலே உயிருக்கு ஆபத்து. மோட்டாருக்குப் போட்ட ஃபியூஸ் அந்த அளவுக்கு அசைந்துகூடக் கொடுக்காது. அது கம்பியைக் காப்பாற்றப் போட்டது. மனுஷன் கம்பியிலேயே ஒட்டிக் கிடப்பான், உங்கள் ஃபியூஸ் நன்றாகவே இருக்கும்.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் இப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. தாயை விட்டுப் போகாமல் இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. அங்கேயும் வைத்தது பன்றிக்குத்தான்.

சரி, பன்றியை என்ன செய்வது என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து கேட்டார். நியாயமான கேள்விதான், ஒரே ராத்திரியில் அரைக் காணி மல்லாட்டையை உழுது போட்டுவிட்டுப் போகிற ஜந்து அது, இழப்பீட்டுக்கு அலைகிற அலைச்சல் அதைவிடக் கொடுமை. சோலார் வேலி இருக்கிறது. அதிலும் வோல்ட் அதிகம்தான், ஆனால் நொடிக்கு ஒரு தடவை கண் இமைக்கிற நேரம்கூட இல்லாமல் வெட்டி வெட்டி வரும், சுரீர் என்று அடித்து உதறிவிடும், பிடித்து வைக்காது. அதற்கும் முறைப்படி பதிவு செய்யவேண்டும் என்று 2023-இல் விதி வந்திருக்கிறது. காப்புக்காட்டை விட்டு 3 கிலோமீட்டருக்கு மேல் வெளியே வருகிற பன்றியை வனத்துறையே சுடலாம் என்று 2025-இல் அரசு அறிவித்தது. போதுமா என்றால் போதாது. காசும் செலவாகும், நாளும் ஆகும். அதற்காக ஓசிக் கொக்கியை நியாயம் என்று சொல்ல என்னால் முடியாது.

இப்போது என் கதை. வேலையில் இருந்தபோது ஒரு கொல்லையில் கொக்கியைப் பார்த்தேன். கட்டிங் பிளேயரால் வெட்டி எறிந்துவிட்டு, 'பார்த்து நடந்துக்கோங்க அண்ணே' என்று சொல்லிவிட்டு அவர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தேன். மேலே எழுதிக் கொடுக்கவில்லை. தெரிந்தவர், பிள்ளைகுட்டிக்காரர். திரும்பப் போடுவார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மூன்று மாதம் கழித்து அங்கேயே பக்கத்துக் கொல்லைக்காரரின் உழவு மாடு செத்துக் கிடந்தது. கம்பி போட்டவர் மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பொய் அழுகை இல்லை அது. நானும் வருந்தினேன். கயிற்றைப் பிடித்திருந்த பையன் நாலடி பின்னால் வந்திருக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

பேசி முடித்துக் கீழே இறங்கியதும் ஒருவர் என்னை ஓரமாகக் கூட்டிப் போய், தம்பி கொல்லையில் ஒரு கம்பி இருக்கிறது, இப்போது கழற்றினால் பழைய கேஸ் ஏதாவது வருமா என்று கேட்டார். தம்பி கொல்லைதான் என்றார். யார் கொல்லை, எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கு ராத்திரியே கழற்றச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். அணைக்கட்டு ஊரைத் தாண்டியபிறகுதான், கேட்டிருக்கலாமே என்று தோன்றியது.