தேடுனா கிடைக்கணும்ல

(மலேசியாவுல பினாங்கு, பட்டர்வொர்த் பக்கம் எங்க வட்டார புட்சால், அதாவது சின்ன மைதான கால்பந்து, போட்டி முடிஞ்ச ராத்திரி, பரிசு குடுக்கறதுக்கு முன்னாடி பேசுனது. ஒரு தம்பி போன்ல பிடிச்சு வச்சிருந்தான், அத கேட்டு எழுதியிருக்கேன். திட்டுன இடத்த மட்டும் கொஞ்சம் குறைச்சிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதா? சரி. தலைவர் எனக்கு 15 நிமிஷம் குடுத்திருக்காரு, பிரியாணி ஆறுதுன்னு சமையல்காரர் 10 நிமிஷம்னு சொல்லிட்டாரு, அதனால 12-ல முடிக்கறேன்.

பசங்களுக்கு வேலை தேடுறத பத்தி பேசணும்னு கூப்பிட்டாங்க. நான் எச்ஆர் இல்லப்பா, பாயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரியில மெஷின் பழுது பாக்கறவன், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, டெக்னீஷியன் எடுக்கும்போது இன்டர்வியூல பக்கத்துல உக்கார சொல்லுவாங்க, அவ்வளவுதான் நம்ம தகுதி. ஆனா இன்னிக்கு காலையிலேர்ந்து மேட்ச் பாத்துக்கிட்டிருந்தேனா, மனசு வேலைக்கு போகல, பந்துக்கே போவுது.

2016-ல நம்ம பினாங்கு டீமுக்கு பைஸ் சுப்ரி அடிச்ச ப்ரீ கிக் ஞாபகம் இருக்கா? பிப்ரவரி 16, சிட்டி ஸ்டேடியம், எதிர்ல பஹாங். பந்து ஒரு பக்கம் போற மாதிரி கிளம்பி, நடுவானத்துல மனசு மாறுன மாதிரி இன்னொரு பக்கம் வளைஞ்சு வலைக்குள்ள போச்சு, கீப்பர் பாவம் என்ன பண்ணுவாரு. அன்னிக்கு அது சாதாரண லீக் மேட்ச்தான். ஐரோப்பாவுல எவனும் ராத்திரி கண்ணு முழிச்சு பினாங்கு பஹாங் மேட்ச் பாக்கல. அந்த ஒரு சின்ன துண்டு வீடியோ நெட்ல ஏறுச்சு, போன் போனா சுத்துச்சு, கடைசியில வருஷத்தோட அழகான கோலுக்கு பீபா குடுக்கற புஸ்காஸ் விருது லிஸ்ட்ல வந்து நின்னுச்சு. நெட்ல ஓட்டு போட்டதுல நூத்துக்கு 59-க்கு மேல அவருக்கே. 2017 ஜனவரியில சூரிச்ல மேடை ஏறுறாரு, பக்கத்துல பிரேசில் ரொனால்டோ நிக்கறாரு, நம்ம ஆளு பாக்கெட்லேர்ந்து போன எடுத்து பேச வேண்டியத தேடுறாரு, தேடுறாரு, தேடிக்கிட்டே இருக்காரு, உலகமே காத்துக்கிட்டு இருக்கு. எனக்கு அந்த கோல விட அந்த நிமிஷந்தான் பிடிக்கும். நம்மள்ல எத்தன பேரு இன்டர்வியூல "சர்டிபிகேட் போன்ல இருக்கு சார், ஒரு நிமிஷம்"னு வாட்ஸ்அப்ப தள்ளிக்கிட்டு உக்காந்திருக்கோம்!

நான் யோசிக்கறது என்னன்னா, அந்த கேமரா அன்னிக்கு இல்லன்னா? கோல் அதே கோல்தான். ஆனா மாமாக் சாப்பாட்டுக் கடையில நாலு பேரு "அன்னிக்கு ஒருத்தன் அடிச்சான் பாரு"ன்னு சொல்லுவான், பக்கத்து மேஜக்காரன் "கதை விடாத லா"ம்பான்.

எங்கப்பா கதை அப்படித்தான் ஆயிப்போச்சு. சுங்கை பட்டாணி பக்கம் தோட்டத்துல ரைட் விங் ஆடுனவரு. சாயங்காலம் ரப்பர் பால் மரம் வெட்டிட்டு வந்து வெறுங்கால்லயே ஆடுவாங்களாம். ஓட்டக்காரர் ஜெகதீசனோட பேர தேடுனா கிடைக்கும், 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுல மூணு தங்கம், 68-ல மெக்சிகோவுல 200 மீட்டர் 20.92 நொடி, நம்ம நாட்டுல 2017 வரைக்கும் அத யாராலயும் தொட முடியல. கோல்கீப்பர் ஆறுமுகம், கையோட நீளத்துக்கு ஸ்பைடர்மேன்னு பேரு வாங்குனவரு, அவரும் கிடைப்பாரு. 1980-ல மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு தேறிட்டு, நாடு புறக்கணிப்புல சேந்ததால போகாம நின்ன நம்ம கால்பந்து டீமு, அதுவும் கிடைக்கும். ஆனா தோட்டத்துக்கு தோட்டம் ஆடுன ஆளுங்க? சுத்தமா இல்ல. பேப்பர்ல ரெண்டு வரி வந்திருக்கும். அந்த பேப்பரே இப்ப எங்க? 1924-ல ஆரம்பிச்ச தமிழ் நேசன் 2019 தொடக்கத்துல நின்னு போச்சு. நின்னப்ப எல்லாரும் பேஸ்புக்ல அழுதோம், ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் காசு குடுத்து வாங்குனியாடான்னு கேட்டா நானும் தலைய குனியணும்.

இப்ப இருக்கற மீடியாவ குறை சொல்லணும்னா சொல்லலாம், சென்னையிலேர்ந்து நடிகர் வந்து எறங்குனா பக்கம் பக்கமா படம், நம்ம புள்ள மாநில அளவுல ஓடுனா ஓரத்துல ஒரு கட்டம். சரி, அவங்களும் விக்கற சரக்கத்தான் போடுவாங்க. நம்ம என்ன பண்ணோம்? எங்கப்பா ஆடுன கிளப்புக்கு 90-கள்ல ஒரு மலர் போட்டாங்க. பொஸ்தகம் கரையான் தின்னுருச்சு. டைப் பண்ண அண்ணன் வீட்டுல சிடி இருந்துச்சு, அத வாங்கிட்டு வந்து கம்ப்யூட்டர்ல போட்டா, கோழி கிண்டுன மாதிரி எழுத்து! கொம்பும் கோடும் புள்ளியுமா ஒரு மண்ணும் புரியல. அப்ப ஒவ்வொரு தமிழ் பான்ட்டும் ஒவ்வொரு ராஜ்ஜியம், ஒருத்தன் "க" வச்ச எடத்துல இன்னொருத்தன் "லூ" வச்சிருப்பான், அந்த பான்ட் இல்லன்னா பைல் செத்த பொணம். யூனிகோடு வந்தப்புறந்தான் எல்லா மெஷினும் ஒரே மாதிரி தமிழ படிக்குது. இதுல நம்ம ஊருக்கு பெரிய பங்கு இருக்கு, சும்மா பெருமைக்கு சொல்லல. கம்ப்யூட்டர்ல தமிழ் தட்டுறதுக்கு முரசு அஞ்சல்னு சாப்ட்வேர் செஞ்ச முத்து நெடுமாறன் மலேசியாக்காரரு, 2001-ல தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூர்லதான் நடந்துச்சு. அம்மான்னு இங்கிலீஷ் எழுத்துல தட்டுனா தமிழ்ல அம்மா வருதே, அத அப்படியே வந்துச்சுன்னு நெனச்சுக்காதீங்க, உக்காந்து மண்டைய ஒடச்சிருக்காங்க.

அந்த சிடிய நான் மூணு ஞாயித்துக்கிழமை போராடி எந்த பான்ட்டுன்னு கண்டுபிடிச்சு, மாத்துற கருவியில போட்டு எடுத்தேன். எங்கப்பா பேரு இருந்துச்சு. ஒரு எழுத்து தப்பா. பரவால்ல.

இப்ப நீங்க கேப்பீங்க, இதுக்கும் எனக்கு வேலை கிடைக்கறதுக்கும் என்னய்யா சம்பந்தம்னு. எங்கக்கா மகன் போன வருஷம் 60 எடத்துக்கு மேல ரெசுமே அனுப்புனான், ஒண்ணுத்துலேர்ந்தும் பதில் இல்ல. கேபிள் இல்ல மாமா அதான்னு ஒப்பாரி, கேபிள்னா உள்ள சொல்லி விட தெரிஞ்ச ஆளு. அத அனுப்புடா பாப்போம்னேன். ஐயோ, கல்யாண பத்திரிக்கை மாதிரி இருக்கு. ரெண்டு பத்தி, இடது பக்கம் கருநீலம், ஸ்கில்லுக்கு நாலு நட்சத்திரம் அஞ்சு நட்சத்திரம், போட்டோ வட்டத்துக்குள்ள. போன் நம்பரு மேல இருக்கற பட்டையில படமா ஒட்டி வச்சிருக்கான். நான் சொன்னேன், மவனே இத பூரா செலக்ட் பண்ணி காப்பி எடுத்து நோட்பேட்ல போடுன்னு. போட்டான். இடது பத்தி வலது பத்தி ரெண்டும் கலந்து, "மைக்ரோசாப்ட் பிறை எக்செல் தொழிற்பயிற்சி 2022 நீச்சல்"னு வருது. போன் நம்பர காணோம். பெரிய கம்பெனிங்கள்ல மனுஷன் பாக்கறதுக்கு முன்னாடி சாப்ட்வேர்தான் படிக்குது, நிறைய சாப்ட்வேருக்கு இந்த அலங்காரம் எல்லாம் குழப்பந்தான், எங்கப்பாவோட சிடி எனக்கு தெரிஞ்ச மாதிரிதான் இவன் அதுக்கு தெரிவான். ஒரே பத்தி, சாதா எழுத்து, பட்டை கிட்டை வேணாம். விளம்பரத்துல என்ன வார்த்தை போட்டிருக்கானோ, உனக்கு நெசமாவே தெரிஞ்சா, அதே வார்த்தைய போடு, அவன் "ப்ரிவென்டிவ் மெயின்டனன்ஸ்"னு தேடுறான், நீ "மெஷின் நல்லா பாத்துக்குவேன்"னு எழுதினா எப்படி கிடைப்ப? பைலுக்கு பேரு "பைனல் பைனல் 3" வச்சிருந்தான், அத உன் பேரா மாத்துடான்னேன். மாத்தி அனுப்புனதுல மூணு எடத்துலேர்ந்து கூப்பிட்டாங்க. ஒண்ணுல தேறுனான். மீதி ரெண்டுல ஏன் தேறலன்னா அவன் பேசுனது அப்படி, அது வேற கதை.

கேபிள் வேணாம்னு நான் சொல்ல மாட்டேன், பொய் சொன்ன மாதிரி ஆயிரும். பேக்டரியில தெரிஞ்சவங்க சொல்லி வந்த ஆளுங்க நிறைய, நானே அப்படித்தான் வந்தேன், பக்கத்து வீட்டு அண்ணன் பேக்டரி பஸ்ல ஏத்தி கூட்டிட்டு போனாரு. 1972-ல பாயான் லெப்பாஸ்ல இன்டெல் வந்த காலத்துல வயலாட்டம் கிடந்த எடம், அங்க இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் வர்றது நிக்கல. ஆனா கேபிள் பேக்டரி கேட் வாசல் வரைக்குந்தான் கூட்டிட்டு போகும். உள்ள போனதும் எச்ஆர் பொண்ணு "ரெசுமே அனுப்புங்க"ன்னுதான் சொல்லும்.

இன்னும் ரெண்டு விஷயம், சட்டுனு. தொழிலாளர் சமூக பாதுகாப்பு அமைப்பு சொக்சோ நடத்துற மைபியூச்சர்ஜாப்ஸ்ங்கற வேலை தேடுற தளத்துல பதிஞ்சு வைங்க, காசு கிடையாது. ஆளக் குறைச்சு வேலை போச்சுன்னா 60 நாளுக்குள்ள அவங்ககிட்ட இஐஎஸ்னு சொல்ற வேலை காப்புறுதிக்கு விண்ணப்பம் போடணும், 2018-லேர்ந்து உங்க சம்பளத்துலதானே மாசா மாசம் பிடிக்கறாங்க, உங்க பணந்தான் அது. வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுல உக்காந்து நாள தாண்ட விட்டவங்கள எனக்கு தெரியும். அப்புறம் டெலிகிராம்ல வீடியோவுக்கு லைக் போட்டா ஒரு நாளைக்கு 200 வெள்ளி (ரிங்கிட்)னு வரும், முதல்ல நீ 50 வெள்ளி போடுன்னு வரும், அங்கயே நிறுத்திக்கோங்க. கம்போடியாவுல கஸ்டமர் சர்வீஸ், சம்பளம் பத்தாயிரம், டிக்கெட் ப்ரீன்னு எவனாவது சொன்னா வீட்டுல சொல்லாம ஏறாதீங்க. நம்ம நாட்டு பசங்க எத்தன பேரு அங்கயும் மியன்மார்லயும் மாட்டிக்கிட்டு அடி வாங்கி திரும்புனாங்கன்னு நியூஸ்ல பாத்தோம். வேலை குடுக்கறவன் உங்கிட்ட காசு கேட்டா அது வேலை இல்ல.

சரி, கமிட்டிக்கு ஒரு புகார், கோச்சுக்காதீங்க. நம்ம டீம் பேஸ்புக் பக்கம் இருந்துச்சுல்ல, 12 வருஷத்து போட்டோ. அட்மின் தம்பி கல்யாணமாயி ஜோகூர் போனான், போன் நம்பர மாத்துனான், பாஸ்வேர்டு போச்சு, யாராலயும் உள்ள போக முடியல, இப்ப அதுல எவனோ கண்ணாடி விக்கறான்! இந்த வருஷ போட்டிக்கு வாட்ஸ்அப்ல போஸ்டர் வந்துச்சு, அழகா இருந்துச்சு, எல்லாமே படம். ரெண்டு நாள் கழிச்சு எத்தன மணிக்கு ஆரம்பம்னு தேடுறேன், புட்சால்னு தட்டுனா எதுவும் வரல, மேல தள்ளி தள்ளி குட்மார்னிங் ரோஜாப்பூ முன்னூறு தாண்டி கண்டுபிடிச்சேன். கீழ ரெண்டு வரி எழுத்தா தட்டி விட்டா கை தேஞ்சிருமா?

இன்னிக்கு 15 வயசுக்கு கீழ பைனல்ல பெனால்ட்டி ரெண்டு பிடிச்சான் பாருங்க பச்சை ஜெர்சி கீப்பர், வலது கைய நீட்டி, விரல் நுனியில. எனக்கு ரோமம் நின்னுச்சு. அந்த தம்பி முழுப்பேரு யாருக்காவது தெரியுமா? கோச்சுக்கு? "குட்டி"ன்னுதான் தெரியுமா? சரி, அவன கூப்பிட்டு கேட்டு எழுதுங்க, அப்பா பேரும் சேத்து. எங்க அந்த ஸ்கோர் ஷீட்டு... யாருய்யா அது மேல ஐஸ் தண்ணி பாட்டில வச்சது? எடு, எடு, மை கரையுது.